தலை எண்ணெய்ப் பணமும் ஒரு பாதிரியாரின் மனைவியும்

லண்டன் ஏழைகளுக்காக உழைத்த சமூக சீர்திருத்தவாதி ஹென்ரியேட்டா பார்னெட்டைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நன்றி. ஆனால் அவருடைய பிறந்த வீட்டை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சுவையே அங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் தலையில் தேய்த்துக்கொண்ட 'ரோலண்ட்ஸ் மக்காசர் எண்ணெய்' அவர் குடும்பத் தொழில். அந்த எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருக்கத்தான் நாற்காலி முதுகில் துணி போடும் பழக்கமே வந்தது! 1851இல் எட்டாவது குழந்தையாகப் பிறந்ததும் தாயை இழந்தவர்.

அந்த வசதியில் வளர்ந்தவர் 1873இல் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரை மணந்து, லண்டனின் ஏழ்மையான வைட்சாப்பலுக்கு, புனித யூதா ஆலயத்துக்குக் குடிபோனார். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகள் நடுவே தங்கிச் சேவை செய்ய 1884இல் அங்கே தொடங்கிய டாய்ன்பீ ஹால் என்ற இல்லம் கணவர் பெயரிலேயே பேசப்படுகிறது. பாதி உழைப்பு இந்த அம்மாவுடையது என்பேன். 1881 முதல் ஆலயப் பள்ளியில் இருவரும் நடத்திய ஓவியக் கண்காட்சிதான் 1901இல் வைட்சாப்பல் கலைக்கூடமாக வளர்ந்தது.

அப்புறம் வடக்கு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட். சுரங்க ரயில் வந்தால் வீடுகள் முளைத்துவிடும் என்று பயந்து 80 ஏக்கர் திறந்தவெளியைக் காப்பாற்றினார். பக்கத்திலேயே 1907இல் ஏழை, பணக்காரர் எல்லோரும் சேர்ந்து வாழ ஒரு தோட்டக் குடியிருப்பைத் தொடங்கினார். வீடுகளுக்கு நடுவே மதில் கிடையாது, செடிவேலிதான். மதுக்கடையும் கிடையாது. இன்று அங்கே வீடு வாங்கக் கோடீஸ்வரராக இருக்க வேண்டும், அது வேறு கதை.

சொந்தப் பிள்ளைகள் இல்லை. 1911இல் அவர் நிறுவிய பெண்கள் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.