கீறல் படாத கார்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் ஒழுங்கை. படலைக்கு உள்ளே, தகரக் கொட்டகையின் கீழ், காய்ச்சல்காரனுக்குப் போர்த்தியதுபோல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தியபடி ஒரு வெள்ளைக் கார். அதைப் பார்க்க வந்திருப்பவர் கனடாவிலிருந்து லீவில் வந்த வசீகரன். காரை வாடகைக்கு விடும் சின்னத்துரை விரிப்பின் ஒரு மூலையை மட்டும் தூக்கிக் காட்டுகிறார். முழுவதும் காட்ட மனம் வரவில்லை.

வசீகரன்: மூன்று நாளைக்கு வேண்டும், அண்ணை. வாடகை, பிணைப்பணம் எல்லாம் சம்மதம்.

சின்னத்துரை: ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர். மேலே ஓடினால் தனிக் காசு. எங்கெங்கே போக உத்தேசம்?

வசீகரன்: முதலில் கோட்டை.

சின்னத்துரை: கோட்டையா? போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் எடுத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் எடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒருவராவது உரியவரிடம் திருப்பிக் கொடுத்தாரா? வாடகைக் காருக்கு அது நல்ல சகுனமில்லை, தம்பி.

வசீகரன்: சரி, கோட்டையை நடந்தே பார்க்கிறேன். கீரிமலை?

சின்னத்துரை: கேணியில் குளித்துவிட்டு ஈரச் சாரத்தோடு ஏறுவீர்கள்.

வசீகரன்: துவாய் விரித்து அதன்மேல் இருக்கிறேன்.

சின்னத்துரை: போன மாதம் வந்தவரும் அப்படித்தான் சொன்னார். துவாயும் ஈரம். மூன்று நாள் கதவைத் திறந்து காயவைத்தேன். பூனை பின் இருக்கையில் குட்டி போட்டுவிட்டது.

வசீகரன்: காரைநகர் கசூரினா கடற்கரை?

சின்னத்துரை: மணல்.

வசீகரன்: மணற்காடு?

சின்னத்துரை: பெயரை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.

வசீகரன்: பருத்தித்துறை முனைக்காவது போகலாமா? வெளிச்சவீட்டைப் பார்க்கவேண்டும்.

சின்னத்துரை: தாராளமாக. ஆனால் கடலோர வீதி வேண்டாம், உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். நெல்லியடி வழியாகப் போய், பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்புங்கள்.

வசீகரன்: வடை வாங்கவா கார்?

சின்னத்துரை: வடையைக் காருக்குள் வைத்துத் தின்னக்கூடாது. எண்ணெய்.

(வசீகரன் கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கீழே தள்ளுகிறார். பாதிக்குமேல் போய்விட்டது.)

வசீகரன்: பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவு.

சின்னத்துரை: பயணிகள் படகில் கார் ஏறாது.

வசீகரன்: தெரியும் அண்ணை. துறையில் விட்டுவிட்டுப் போவேன்.

சின்னத்துரை: தனியாகவா?

வசீகரன்: அம்மனைக் கும்பிட்டுவிட்டு உடனே வந்துவிடுவேன்.

சின்னத்துரை: வரும் வழியில் கருவாடு வாங்குவீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் எவரும் வாங்காமல் திரும்பியதில்லை. டிக்கி மணந்தால் அடுத்த கலியாணத்துக்கு மாப்பிள்ளையை எதில் ஏற்றுவது?

வசீகரன்: நிலாவரைக் கிணறு? மணலும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை.

(சின்னத்துரை நெடுநேரம் யோசிக்கிறார். எதிர்ப்பு அகப்படாமல் போய்விடுமோ என்று முகம் வாடுகிறது. பிறகு தெளிகிறது.)

சின்னத்துரை: எட்டிப் பார்க்கும்போது கார்த் திறப்பு உள்ளே விழுந்தால்?

வசீகரன்: அங்கே போட்ட எலுமிச்சங்காய் கீரிமலையில் வரும் என்று அம்மம்மா சொல்வார்.

சின்னத்துரை: எலுமிச்சங்காய் மிதக்கும், தம்பி. திறப்பு மிதக்குமா? வந்தாலும், கீரிமலைக்குத்தான் போகக்கூடாது என்று பேசிவிட்டோமே, யார் போய் எடுப்பது? இன்னொன்று, பனைக்குக் கீழே நிறுத்தக்கூடாது. பனங்காயும் விழும், காவோலையும் விழும்.

வசீகரன்: யாழ்ப்பாணத்தில் பனை இல்லாத இடம் எது, அண்ணை?

சின்னத்துரை: இந்தக் கொட்டகை. சரி, சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டுங்கள்.

வசீகரன்: இதோ. கனடாவில் 11 வருடமாக ஓட்டுகிறேன்.

சின்னத்துரை: இது மட்டும் போதாதே! இலங்கையில் ஓட்ட இங்கே அதற்கென ஓர் அனுமதி எடுக்கவேண்டும். அதோடு நீங்கள் அங்கே வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். திரும்புவதற்கு வெளிச்சம் போடுகிறேன் என்று கண்ணாடி துடைப்பானைப் போடுவீர்கள். மழையே இல்லாத வீதியில் துடைத்துக்கொண்டு வருகிறவரைக் கண்டால் கனடா என்று ஊருக்கே தெரியும்.

வசீகரன்: இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே! முக்கால் மணித்தியாலம் போய்விட்டது.

சின்னத்துரை: கேட்டிருந்தால் உடனே எழும்பிப் போயிருப்பீர்கள். சாரதியோடும் கார் இருக்கிறது. வாடகை கொஞ்சம் கூட.

வசீகரன்: சாரதி யார்?

சின்னத்துரை: நான்தான்.

(விரிப்பை ஒரே இழுப்பில் உருவி எறிகிறார். ஒரு பூனைக்குட்டி துள்ளி ஓடுகிறது.)

சின்னத்துரை: முதலில் மணற்காடு. சவுக்கு நிழல் வரை கொண்டுபோய் விடலாம். பிறகு கடலோர வீதியால் பருத்தித்துறை. நாளைக்குக் குறிகட்டுவான், அங்கே நல்ல கருவாடு எனக்குத் தெரியும்.

வசீகரன்: கீரிமலை?

சின்னத்துரை: கொஞ்சம் பொறுங்கள், சாரமும் துவாயும் எடுத்து வருகிறேன். அங்கே முழுகிப் பத்து வருடமாகிறது.

வசீகரன்: ஈரச் சாரத்தோடு ஏறுவீர்களே, அண்ணை?

சின்னத்துரை: முன் இருக்கையில்தானே, தம்பி. பூனை பின்னால் அல்லவா குட்டி போடுகிறது.