தாத்தா பெருமை பேசுவதும் ஒரு படிப்பா?

அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர்களின் வரலாற்றை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட பேராசிரியர்கள் என்றால் பலருக்கும் ஒரு இளக்காரம். சொந்த சாதிசனத்தின் புகழைப் பாடச் சம்பளமா என்று கேட்பார்கள். பாதி நியாயம்தான். துறை தொடங்கிய லட்சணம் அப்படி.

ராஸ்மஸ் ஆண்டர்சன், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நார்வேக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். 1875இல் அங்கே மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்காண்டிநேவிய (நார்வே, ஸ்வீடன், டென்மார்க்) மொழிப் பேராசிரியரானார். அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்காவைக் கண்டுபிடித்தது கொலம்பஸ் இல்லை, அவருக்கு முன்பே வந்த வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்தான் என்று புத்தகம் போட்டுவிட்டார். (விஷயம் சரிதான். 1960இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங் குடியிருப்பே கிடைத்தது. ஆனால் அவர் எழுதிய தொனி என்னவோ மார்தட்டல்தான்.)

1925இல் அந்த மார்தட்டல் உச்சத்துக்குப் போனது. நார்வேயின் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவில் குடியேற 52 பேரோடு ‘ரெஸ்டௌரேஷன்’ என்ற முதல் பாய்மரக்கப்பல் கிளம்பி நூறாண்டு. தபால்தலை வெளியிட்டார்கள், மின்னசோட்டா விழாவில் ஜனாதிபதி கூலிட்ஜே வந்து பேசினார். 1825இல் அந்தக் கப்பல் நியூயார்க் வந்திறங்கிய கதை வேறு: சிறிய கப்பலில் சட்டம் அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றியதற்காகக் கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். அன்றைய ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மன்னித்த பிறகே விட்டார்கள்.

நூற்றாண்டு விழா நடந்த அதே 1925இல், மின்னசோட்டாவின் நார்த்ஃபீல்டு நகரிலுள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் உருவானது. அதன் பதிப்பாசிரியர் தியோடர் பிளேகன்தான் என் கணக்கில் இந்தத் துறையின் முதல் உண்மையான வரலாற்றாசிரியர். அவர் குடியேறிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தேடி நார்வேக்கே போனார். கூலி எவ்வளவு, கோதுமை என்ன விலை, ஏக்கர் என்ன விலைக்குக் கிடைக்கும், தம்பியை இப்போது கிளம்பி வரச் சொல்லலாமா... இதுதான் அவற்றில் இருந்த சரக்கு. ஒரு கடிதம் வந்தால் ஊரே கைமாற்றிப் படிக்கும், நகல் எடுக்கும், சிலது பத்திரிகையிலும் வரும். அதைப் படித்துவிட்டுக் கப்பலேறியவர்கள் ஏராளம். தலைவர்களை விட்டுவிட்டு விவசாயியின் கையெழுத்திலிருந்து வரலாறு எழுதலாம் என்று அந்தக் காலத்திலேயே செய்துகாட்டினார் மனிதர்.

ஆனால் அந்தக் கடிதங்களிலும் ஓட்டை உண்டு. ‘இங்கே நிலம் கிடைக்கிறது’ என்று எழுதியவர்களில் எத்தனை பேர் அது யாருடைய நிலம் என்று எழுதினார்கள்? வடக்கு டகோட்டாவின் ஸ்பிரிட் லேக், டகோட்டா பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலம். 1904இல் அங்கே ஸ்காண்டிநேவியர்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1929இல் கணக்குப் பார்த்தால் டகோட்டாக்களைவிட இவர்கள் கையில் அதிக நிலம். இதைத் தோண்டி எழுதிய சமூகவியலாளர் கேரன் ஹான்சனின் கொள்ளுப்பாட்டியே அங்கே நிலம் எடுத்தவர்!

‘பாவம், ஏழைகளாக வந்தவர்கள், இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும்’ என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஏழைகளாக வந்ததும் உண்மை, இன்னொருவர் நிலத்தில் உட்கார்ந்ததும் உண்மை. இந்தத் துறைக்கு இனி வருகிற மாணவர் பழைய நார்வேக் கையெழுத்தைப் படிக்கப் பழகட்டும். கூடவே அந்தந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிலப் பதிவேடுகளையும் புரட்டட்டும். பெயர்களும் தேதிகளும் அங்கேதான் இருக்கின்றன.