வளர்க்க வக்கில்லாதவன் எதுக்கு நாய் வளர்க்கிறான்?

நாய் வளர்க்கிறவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட நாயிடமே கடி வாங்கிவிடலாம். நாய்க்கடிக்காவது அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ஊசி போடுவார்கள்.

குட்டி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, என்ன செய்யலாம் என்று நாய் வளர்ப்போர் இணையக் குழுவில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கேட்கிறார். உடனே பதில் வருகிறது: "ஊசி போட்டியா இல்லையா? டொக்டரிடம் காட்டாமல் இங்கே என்ன கேள்வி? வளர்க்க வக்கில்லாட்டி எதுக்கு நாய்?" இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று டவுன் பக்கம் சாதி நாய் வைத்திருப்பவர்களின் வாயில் இது சர்வசாதாரணமாக வருகிறது. முதல் இரண்டு கேள்விகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தன் அம்மா வயதுக்காரியை 'நீ' என்று கூப்பிட்டதையும் அந்தக் கடைசி வசனத்தையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனாகப் பேசுங்கள் என்று கேட்க வரவில்லை. தேன் பேச்சால் செத்த குட்டிகள் நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஏராளம். "ஒண்ணும் ஆகாது அக்கா, வெயில் வந்தா சரியாயிரும், கொஞ்சம் ஜீவனி கரைச்சுக் குடுங்க" என்று மனம் நோகாமல் சொல்லிவிட்டுப் போகிறவர் நல்லவர் பேர் வாங்கிக்கொள்கிறார். குட்டிக்கு வந்திருப்பது பார்வோ என்கிற வைரஸ் குடல் நோய் என்றால், குடித்த ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்) வயிற்றில் நிற்காது, எல்லாம் வாந்தியாக வந்துவிடும். பிறகு இரத்தத்தோடு கழிச்சல். ஒரே நாளில் உடம்பு வற்றிப்போகும். நேரத்தோடு கொண்டுபோய் சேலைன் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் தப்பும், வீட்டில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை தப்பாது. இதில் இனிப்பாகச் சொல்ல என்ன இருக்கிறது? "அக்கா, இது பார்வோவாக இருக்கலாம். நாளைக்கு வரை வைத்திருந்தால் செத்துப்போகும். இன்றைக்கே கொண்டுபோங்க." இதுவும் கறாரான பேச்சுதான். அக்காவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை, கவனித்தீர்களா?

அப்புறம் அந்த "ஊசி போட்டியா" கேள்வி. "போட்டாச்சு" என்பார் அக்கா. "பொய் சொல்லாதே, போட்டிருந்தால் பார்வோ வராது" என்பார் டவுன்காரர். இரண்டு பேரும் பேசுவது வேறு வேறு ஊசியைப் பற்றி. சுகாதாரப் பகுதியினர் வந்து இலவசமாகப் போடுவது விசர்நாய்க்கடிக்கான ஊசி மட்டும். பார்வோ, டிஸ்டெம்பர் இதற்கெல்லாம் வேறு ஊசி, அதைக் காசு கொடுத்துத் தனியாகப் போடவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போடவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாது என்பதால்தான் இத்தனை தடவை. இதை ஒருவரும் அக்காவுக்குச் சொன்னதில்லை. "எந்த ஊசி போட்டீங்க?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவவேண்டும் என்பதையும் கையோடு சொல்லியிருக்கலாம். ஒரே கான் (கழிவுநீர் வாய்க்கால்), ஒரே வாசல் என்று வரிசையாக இருக்கிற லயத்தில் அடுத்த வீட்டுக் குட்டியாவது பிழைத்திருக்கும். திட்டிய திட்டில் அக்கா அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்.

"டொக்டரிடம் காட்டு" என்பது நல்ல ஆலோசனைதான். சொல்கிறவர்கள் ஒருமுறை மேல் டிவிசனிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாயானதே 2021இல்தான். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), வேலைக்கு வராவிட்டால் பேரே இல்லை. ஆட்டோவுக்கு ஒரு தொகை, டொக்டருக்கு ஒரு தொகை. பக்கத்தில் இருக்கிற அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் பெரும்பாலும் மாடுகளைப் பார்க்கவே நேரம் போதாது. பெரிய நோய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைதான், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போகவேண்டும். போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே போகலாம், ஏறக்குறைய எவ்வளவு முடியும், முதலில் போன் பண்ணிக் கேட்கலாமா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஆலோசனை.

கட்டி வைக்கிற விஷயத்துக்கு வருவோம். இதில்தான் சண்டை அதிகம். லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சங்கிலியில் கட்டிய நாயைப் பார்த்தால் டவுன்காரருக்குப் பொங்கிக்கொண்டு வரும். "மனிதனா நீ, அவிழ்த்து விடு!" சரி, அவிழ்த்து விட்டால்? காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு தேயிலை ஓரத்திலும் மரக்கறித் தோட்டத்திலும் கிடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படி ஒரு சுருக்கில் மாட்டித்தான் கருஞ்சிறுத்தை செத்தது, நாடே பேசியது. இடுப்பிலும் கழுத்திலும் கம்பி இறுகி வந்து நிற்கிற நாய்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவிழ்த்து விட்ட நாய் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கோழியைப் பிடித்தால் அது இன்னொரு வழக்கு.

அதற்காகக் கட்டியே வைப்பதும் சரியாகாது. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், இரவில் சிறுத்தைப்புலி லயத்துக்குப் பக்கத்தில் வருவதே பெரும்பாலும் நாய்க்காகத்தான். வெளியில் சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை. ஆக, அவிழ்த்து விடு என்கிறவரும் கட்டிப்போடு என்கிறவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள், இரண்டுமே அந்த இடத்துக்குப் பொருந்தாது. பகலில் நீளமான கயிறு, நிழல், தண்ணீர். இருட்டுவதற்கு முன் உள்ளே, அல்லது நாலு பக்கமும் மேலேயும் கம்பி அடித்த கூட்டுக்குள். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஆறு பேருக்கு நடுவில் நாய்க்கும் இடம் எங்கே என்று கேட்டால், அடுப்படி மூலை என்பார்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கிற காலைகளில் நாயே அந்த மூலையைத்தான் தேடும்.

இந்த மலையில் நாய்க்கும் எப்போதும் அந்தஸ்து உண்டு. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து கூட்டமாக நாய்களைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பங்களா நாய் வேறு, லயத்து நாய் வேறு. வெள்ளைக்காரத் தொரைமார் போய் எவ்வளவு காலமாகிவிட்டது, அந்தக் குரல் மட்டும் நம் ஆட்களிடம் தங்கிவிட்டது. "வக்கில்லாதவன்" என்ற சொல்லில் எனக்குக் கேட்பது அதுதான். லயத்தில் நாயை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அதுவாக வருகிறது, ஒரு கை சோறு போட்டால் நின்றுவிடுகிறது.

ஆனால் கறாராகப் பேசுகிறவர் எல்லாம் தெரிந்தவர் என்றும் நினைக்கவேண்டாம். "சொறியா? பழைய எஞ்சின் ஒயில் பூசு" என்று அடித்துச் சொல்வார்கள். நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், விஷம். "காய்ச்சலா? பனடோல் பாதி குடு." நாயின் ஈரலைக் கெடுக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். "ஐவர்மெக்டின் ஊசி ஒன்று அடி" என்பது இன்னொன்று. கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குப் போய்விடும். இவர்களுக்கு நான் பதிலுக்குக் கறாராகத்தான் சொல்வேன்: எடை தெரியாமல், நாயைப் பார்க்காமல், மருந்துப் பெயரை எழுதாதீர்கள். உண்ணிக் காய்ச்சலா என்று சந்தேகமென்றால் உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறிக் கிடந்தால் உடனே டொக்டர். அவ்வளவு போதும்.

கேட்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை இருக்கிறது. குட்டிக்கு எத்தனை மாதம், எப்போதிலிருந்து, வாந்தியா கழிச்சலா, என்ன சாப்பிட்டது, என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள் என்று முழுசாகச் சொல்லுங்கள். எஞ்சின் ஒயில் பூசியதை மறைத்தால் நாய்க்குத்தான் நட்டம். "டொக்டர் வேண்டாம், மாத்திரை பேர் மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கோபிக்கக்கூடாது. நாய் பிழைத்ததா செத்ததா என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். நிறையப் பேர் சொல்வதே இல்லை.

நான் மரியாதை பார்க்காத ஓர் இடமும் உண்டு. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டு அடுத்த தோட்டத்து ரோட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள். அதில் டவுன் ஆட்களும் உண்டு, கார் வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு பெட்டை நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், குட்டி வயிற்றில் இருப்பது 63 நாள் அளவில். 2006இலிருந்து தெருநாயைக் கொல்வதில்லை என்பதுதான் அரசாங்கத்தின் கொள்கை, ஆகவே கருத்தடையைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த முகாம் எப்போது என்று உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும்) கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் தோட்டத்தின் பேரையும் டிவிசனையும் எனக்கு அனுப்புங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன்.