குளிர்காலத்தில் கறிவேப்பிலைக்கு உரம் வேண்டாம்

ஒரு அக்கா, மஞ்சளாகி இலை கொட்டும் தொட்டிக் கறிவேப்பிலைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி உரமும் போடச் சொல்லியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அப்படிச் செய்தால் வேர்தான் அழுகும். குளிரில் இலை உதிர்ப்பது இந்தச் செடியின் இயல்பு. நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டுங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. விரலை 5 செ.மீ. மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் தண்ணீர். உரம் செப்டம்பரில் துளிர் வந்த பிறகு.

இலையில் பிசுபிசுப்பு, கரும்படலம், தண்டில் எறும்பு வரிசை என்று இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் செதில்பூச்சிதான், அதாவது தண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஓடுள்ள சிறு பூச்சி. வளர்ந்த பூச்சியின் ஓட்டுக்குள் மருந்து இறங்காது, பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுக்கணும். பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவச் சோப்பு 2 மி.லி. இரண்டையும் நன்றாகக் குழைத்து, 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள். (குழைக்காமல் ஊற்றினால் எண்ணெய் மிதந்து இலை கருகும்.) வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். 7 நாள் இடைவெளியில் 3 தடவை. ஒரு தடவையோடு விட்டால் பிறகு பொரிக்கும் குஞ்சுகள் தப்பிவிடும். அந்த நாட்களில் பறிக்கும் இலையை நன்றாகக் கழுவித் தாளியுங்கள்.