எக்ஸ்-ரே பற்றிப் பேசுபவர்கள் ஆல்பனியையும் பேச வேண்டும்

வியட்நாம் போர் என்றதும் நம்மவர்கள் டெட் தாக்குதல், மை லாய் படுகொலை, 1975இல் சைகோன் விழுந்தது ஆகியவற்றைத்தான் எழுதுகிறார்கள். 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படையும் வட வியட்நாம் படையும் மோதியதை அதிகம் பேர் தொடுவதில்லை. அந்தப் போர் ஏன் அவ்வளவு வருடம் இழுத்தது என்று என்னைக் கேட்டால், அந்த நான்கு நாட்களைத்தான் காட்டுவேன்.

கம்போடிய எல்லையை ஒட்டிய மத்திய மலைநாடு, சூ போங் மலையடிவாரம். நவம்பர் 14 காலையில் அமெரிக்க லெப்டினன்ட் கர்னல் ஹால் மூர், சுமார் 450 பேர் கொண்ட தன் பட்டாலியனோடு 'எக்ஸ்-ரே' என்று பெயர் வைத்த வெட்டவெளியில் ஹெலிகாப்டரில் இறங்கினார். எல்லோரையும் ஒரே நடையில் கொண்டுவர ஹெலிகாப்டர்கள் போதவில்லை. முதல் நடையில் வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. மலையிலோ அவர்களைவிடப் பல மடங்கு வட வியட்நாம் வீரர்கள். மூர் ஒரு பெரிய கறையான் புற்றின் மறைவில் இருந்துதான் சண்டையை நடத்தினார். பீரங்கியும் விமானக் குண்டும் இடைவிடாமல் விழுந்தன. நாபாம் என்ற தீக்குண்டு ஒன்று அமெரிக்கர்கள் மேலேயே விழுந்தது. மூன்று நாளில் 79 அமெரிக்கர்கள் செத்தார்கள், ஆனால் அந்த இடம் கைவிட்டுப் போகவில்லை. இதைத்தான் வெற்றி என்றார்கள். அங்கே நின்றவர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 17ஆம் தேதி? பி-52 விமானங்கள் சூ போங்கில் குண்டு போடப் போவதால் எல்லோரும் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. உயிரைக் கொடுத்துக் காத்த இடத்தை மறுநாளே விட்டுவிட்டு நடந்தார்கள். அதே ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியன் 'ஆல்பனி' என்ற வெளியை நோக்கிப் போனது. சரியான தூக்கம் இல்லை, உயரமான புல், நீண்டு கிடந்த வரிசை. வழியில் இரண்டு எதிரி வீரர்கள் பிடிபட, அவர்களை விசாரிக்க வரிசை நின்றது. கம்பெனி கேப்டன்களையும் முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தாக்குதல் வந்தது. இரு தரப்பும் புல்லுக்குள் கலந்துவிட்டதால் ஆரம்பத்தில் பீரங்கியும் உதவவில்லை, விமானமும் உதவவில்லை. அந்த மதியமும் இரவுமாக 155 அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

இந்த வீரர்களின் குடும்பங்கள் இருந்த அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கொலம்பஸ் நகருக்குச் செய்தி எப்படிப் போனது தெரியுமா? டாக்சி ஓட்டுநர்கள் தந்தியைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் கொடுத்தார்கள். இத்தனை சாவு வரும் என்று ராணுவம் ஏற்பாடே செய்திருக்கவில்லை. மூரின் மனைவி ஜூலியா தானே அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தார், ராணுவத்தோடு சண்டை போட்டார். அப்புறம்தான் அதிகாரிகள் நேரில் போய்ச் சொல்லும் முறை வந்தது.

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் பார்த்தது வேறு கணக்கு. நம்மில் ஒருவர் செத்தால் அவர்களில் பத்துப் பேருக்கு மேல் சாகிறார்கள், இப்படியே போனால் வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் தாங்காது என்பது அந்தக் கணக்கு. பிணங்களை எண்ணியும் ஊகித்தும் போட்டது அது. அந்தப் பத்துப் பேரும் வட வியட்நாமிலிருந்து தெற்கே வரும் ஹோ சி மின் பாதையில் வாரக்கணக்கில் நடந்து வந்த இளைஞர்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் உடல்களை வியட்நாம் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஹனோயும் அதே சண்டையிலிருந்து தன் பாடத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்கனோடு இடுப்பைப் பிடிக்கும் நெருக்கத்தில் மோதினால் அவன் குண்டுகள் பயன்படாது, நம்மால் தாக்குப்பிடிக்க முடியும் என்று. ஆல்பனி அதற்குச் சாட்சி. எக்ஸ்-ரேயை மட்டும் பார்த்த வெஸ்ட்மோர்லேண்டுக்கு அந்தச் சாட்சி உறைக்கவே இல்லை. இரு தரப்பும் ஜெயித்ததாக நம்பிய பிறகு பேச்சுவார்த்தைக்கு யார் வருவார்கள்?

எனக்கு ஆறாத கோபம் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா மேல்தான். சண்டை முடிந்த கையோடு சைகோன் போய் விசாரித்தார். நவம்பர் 30 அன்று ஜனாதிபதி ஜான்சனுக்குக் குறிப்பு எழுதினார். 1966 முடிவில் சுமார் 4 லட்சம் படைகள் வேண்டும், 1967இல் மேலும் 2 லட்சம்கூட வேண்டியிருக்கலாம், மாதத்துக்கு 1,000 அமெரிக்கர்கள் சாகக்கூடும், அப்படியும் வெற்றிக்கு உத்தரவாதமில்லை என்று அதில் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த மனிதர், இன்னும் படைகளை அனுப்பத்தான் பரிந்துரைத்தார். ஜான்சனும் அனுப்பினார். 1968இல் அங்கே இருந்த அமெரிக்க வீரர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.