எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். தேவகோட்டைப் பக்கம் ஒரு மனை பேசி முடித்தாயிற்றாம், அட்வான்ஸும் கொடுத்தாயிற்றாம். "எழுதி வாங்கினாயா?" என்றேன். "தெரிஞ்சவர்தான் அண்ணே, அவர்கிட்ட போய் எப்படி எழுதிக் கேட்கிறது?" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பழைய வீடு. விற்றவர் அப்பாவுக்குப் பழக்கமானவர். பட்டாலையில், அதாவது முகப்புக் கூடத்தில், உட்கார்ந்து பேசினோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மூன்று லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். "என் வாக்குதான் தம்பி பத்திரம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். நாலே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

பணம் வாங்கியது பிள்ளைகளுக்குத் தெரியும். என்ன விலை, என்ன கெடு என்பது தெரியாது. கதவு, தூண் என்று மர வேலைப்பாட்டோடு சேர்த்துத்தான் வீடு என்று எனக்கும் அவருக்கும் பேச்சு. பிள்ளைகளோ நிலைக்கதவையும் தேக்குத் தூண்களையும் பழைய சாமான் வியாபாரியிடம் தனியாக விலை பேசிவிட்டார்கள். அப்புறம் இறந்தவருடைய தங்கை வந்து, அப்பா வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நம் செட்டிநாட்டு வீடுகளில் எத்தனை புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பங்கு என்று எண்ணி முடிக்கவே ஒரு நாள் ஆகும். பாதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஒருவர் கொடுத்த வாக்கு அத்தனை பேரையும் எப்படிக் கட்டும்?

வீட்டை விட்டுவிட்டேன். பணம் தவணை தவணையாக வந்து சேர இரண்டு வருடம் ஆனது.

வாய்ப்பேச்சு சட்டப்படி செல்லவே செல்லாது என்று சிலர் சொல்வது சரியல்ல. செல்லும், ஆனால் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியது நாம். தாம்பாளத்தில் பணம் வைத்ததற்கு எதை எடுத்துக் காட்டுவது? தமிழ்நாட்டில் எழுதிய கிரய ஒப்பந்தத்தையும் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தம் மட்டும் நமக்குச் சொத்தில் உரிமை தந்துவிடாது, அதற்குக் கிரயப் பத்திரம் வேண்டும். ஆனாலும் பதிந்த ஒப்பந்தம், சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், அதே இடத்தை வாங்க வரும் அடுத்தவர் கண்ணில் படும். வாய்ப்பேச்சு எந்த வில்லங்கத்திலும் வராது. ரொக்க விஷயமும் இருக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகையை வருமான வரித்துறை அபராதமாகப் போடலாம். நான் அந்த நல்ல மனிதரையும் சிக்கலில் இழுத்துவிட்டிருக்கிறேன்.

எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நம் நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிறோம். நெருங்கிய சொந்தத்தில் சம்பந்தம் செய்தாலும் எழுதுகிறோம். பெண் வீட்டார் யாராவது முகம் சுளித்ததுண்டா? கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த நம் முன்னோர்கள் பைசா பைசாவாகப் பேரேட்டில் எழுதித்தானே பிழைத்தார்கள்? வாய்ச்சொல் போதும் என்ற பழக்கம் நம்முடையது என்று யார் சொன்னது?

வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு தேவகோட்டை போகிறேன். தாய்ப் பத்திரத்தை, அதாவது மனை இவர் கைக்கு எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரத்தை, பார்க்க வேண்டும், பங்காளிகள் யார் யார் என்று கேட்க வேண்டும். மனையை விற்கிறவரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.