பழைய சாமானாம்!

பாடசாலைப் புத்தாக்கப் போட்டி ஒன்றில் நடுவர் ஒரு பிள்ளையை மட்டம் தட்டிய அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் வரவில்லை.

பாடசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. நடுவரின் பெயரும் வேண்டாம். என் கோபம் ஒரேயொரு வசனத்தின்மேல்தான். சைக்கிள் சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவில் ஒரு சின்ன மின்குமிழை எரியவைத்துக் காட்டிய பிள்ளையிடம், "இது பழைய சாமான் தம்பி, புதிதாக ஏதாவது செய்துகொண்டு வாரும்" என்றார். சொன்னபடியே அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். அங்கே பெட்டியோடு வாங்கிப் பூட்டிய ரோபோ. முதல் பரிசு அதற்கு.

பழைய சாமான்தான். எவ்வளவு பழையது என்று பார்ப்போமா? 1831 ஆகஸ்ட் 29. லண்டனில் விஞ்ஞானி மைக்கல் பரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செப்புக்கம்பியைச் சுற்றினார். ஒரு சுருளுக்குப் பற்றறி, மற்றதற்குப் பக்கத்தில் காந்த ஊசி. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. பற்றறியைத் தொடுத்த கணத்தில் ஊசி துடித்தது, பிறகு பழையபடி நின்றுவிட்டது. கழற்றியபோது மறுபடி துடித்தது, இந்தமுறை எதிர்ப்பக்கமாக. மின்னோட்டம் சும்மா ஓடினால் காணாது, மாறவேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். அந்த ஒக்ரோபரிலேயே காந்த முனைகளுக்கு நடுவில் ஒரு செப்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்து மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டார். பிள்ளையின் மேசையில் இருந்தது அந்தத் தட்டின் பேரப்பிள்ளை.

இனி அந்தப் பழைய சாமான் இல்லாமல் ஒரு நாள் இருந்து பாருங்கள். லக்சபானாவில் தண்ணீர் சுழற்றுவது அதைத்தான். நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து நீராவியால் சுழற்றுவதும், ஏ-9 வீதியால் போகும்போது பளையில் இறங்கி நின்று படம் எடுக்கிறீர்களே, அந்தக் காற்றாலை சுழற்றுவதும் அதைத்தான். சந்திக் கம்பத்தில் தொங்கும் மின்மாற்றி, பரடேயின் இரும்பு வளையம் பெருத்தது. கம்பி செருகாமல் தட்டின்மேல் வைத்துச் சார்ஜ் செய்யும் கைத்தொலைபேசிக்குள்ளும் தட்டுக்குள்ளும் இருப்பவை, ஒன்றையொன்று தொடாத அதே இரண்டு சுருள்கள். சோலார் பலகை வேறு கதை, ஒத்துக்கொள்கிறேன். கெட்டிக்காரர் ஒருவர் கீழே அதைத்தான் எழுத வருவார் என்று தெரிந்து முந்திக்கொண்டேன்.

எனக்கேன் இவ்வளவு சுடுகிறது? 1990இல் போரால் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. பற்றறி தடை, மண்ணெண்ணெய் கண்ணுக்குத் தெரியாத விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்த விளக்கில்தான் படிப்பு. செய்தி கேட்பதற்கு அண்ணா சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவின் தலையை ரயரோடு அழுத்திவிட்டு, வயரை ரேடியோவுக்குக் கொடுப்பார். நடுவில் உடைந்த ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய, மின்னோட்டத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோட். பெடலைச் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும், பக்கத்து வீட்டுப் பெரியப்பா "சுற்று, சுற்று!" என்று கத்துவார். யார் செத்தார்கள், எந்தப் பாதை மூடியது என்பதெல்லாம் என் கையால் சுழன்று வந்த செய்தி. வலது சுட்டுவிரலில் செயின் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த நடுவருக்கும் என் வயதுதான் இருக்கும். அவர் வீட்டில் யார் சுற்றினார்கள்?

"புத்தாக்கப் போட்டி, விதி விதிதானே?" என்று இருவர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள். சரி, புள்ளி போடாதீர்கள். பூச்சியம் போடுங்கள். ஆனால் பெட்டியோடு வாங்கிய ரோபோ யாருடைய புத்தாக்கம் என்று அதே விதியிடம் ஒருமுறை கேளுங்கள். "நீர் அங்கே நின்றீரா?" இல்லை, நிற்கவில்லை. அதற்குத்தானே வீடியோ எடுத்தார்கள்.

"வெள்ளைக்காரனுக்கு ஏன் இவ்வளவு கொடி பிடிக்கிறீர்?" என்ற கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ஆசை. அந்த வெள்ளைக்காரன் ஒரு கொல்லரின் மகன், ஐயா. பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போய், கட்டக் கொடுத்த புத்தகங்களை வாசித்துப் படித்தவர். 1812இல் பெரிய இரசாயனவியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு எழுதியதைத் தானே அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அடுத்த வருடம் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். கணிதம் கைவரவில்லை, காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகளை மனதில் வரைந்தே யோசித்தார். அதை மக்ஸ்வெல் என்ற பௌதிகவியலாளர் பிறகு சமன்பாடுகளாக்கினார், வானொலி அலையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 'சேர்' பட்டம் வேண்டாமென்றார். விஞ்ஞானிகளின் சங்கமான ரோயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு தரம் மறுத்தார்.

கொல்லரின் மகன், கணக்கில் பிழை விடுகிறவன், ரியூசனுக்குக் காசு இல்லாதவன். நம்மூரில் அவனை எந்த வாங்கில் இருத்தியிருப்போம்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாய் திறக்கத்தான் ஒருவரும் இல்லை. பௌதிகவியலில் 'ஏ' எடுத்த எத்தனை பேர் ஒரு டைனமோவைக் கழற்றிப் பார்த்திருக்கிறோம்? பரடேயின் விதிச் சூத்திரம் கேட்டால் நித்திரையிலும் சொல்வோம். அதில் எதிர்க்குறி ஏன் வருகிறது என்று கேட்டால் அடுத்த மேசைக்குப் போய்விடுவோம்.

பரடேயை விடுங்கள். அவருக்கு என் பதிவு தேவையில்லை. எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் நிற்கிறது. நடுவர் போன பிறகும் அவன் இன்னொரு தரம் சக்கரத்தைச் சுற்றினான், கவனித்தீர்களா? ஒருவரும் பார்க்காத இடத்தில் குமிழ் எரிந்து அணைந்தது. வீடியோ அதோடு முடிகிறது.

1995 ஒக்ரோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்து நடந்த இரவு, எங்கள் சைக்கிள் காற்றுப்போய் ஒழுங்கையில் நின்றுவிட்டது. அண்ணா அதை மதிலோடு சாத்திவிட்டு, டைனமோவை மட்டும் கழற்றிச் சாரத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். எதற்கென்று அம்மா ஏசினா. அண்ணா இப்போது இல்லை. டைனமோ இருக்கிறது, மூடியில் துரு, தலை இன்னும் சுழல்கிறது.

அந்தப் பிள்ளையின் வீட்டார் யாராவது இதை வாசித்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். வயர் மட்டும் புதிதாகப் போடவேண்டும்.